விலையில்லா வான்காட்சி ஏடு

இருபத்தேழு நாண்மீன்களின் பெயரை அறியாத இல்லம் நம் நாட்டில் உண்டோ என்று வினவின், அரிதென்றே விடை வரும். குழந்தை பிறந்த அன்றே அதன் நாள் குறிக்கப்படுகிறது. மணம் பேசுங்கால் அக்குறிப்பு மீண்டும் எடுத்துப் பார்க்கப்படுகிறது. ஆயினும், "என் நாள் கேட்டை" என்று கூறும் ஒருவரை ஆனி மாதத்து முன்னிரவில் மாடிக்கு அழைத்துச் சென்று, "ஐயா, அக்கேட்டை எது? சுட்டிக் காட்டுக" என்று கேட்போமாயின், பதின்மருள் ஒருவரேனும் காட்டுவரோ என்பது ஐயமே. அம்மீனோ அந்நேரத்தில் தென்வானின் நடுவே செந்நிறம் பொருந்தி, மறைவொன்றுமின்றி நிற்பது. அருந்ததியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பட்டப்பகலில் நிகழும் திருமணங்களிலும் மணமகளுக்கு அருந்ததி காட்டப்படுகிறாள். அவளும் பந்தலின் ஓலையைப் பார்த்துத் தலையசைக்கிறாள். கிறிஸ்தவ இல்லங்களில் சாதகம் கணிக்கும் வழக்கம் இன்மையால், எம்மனோர்க்கு மீன்கள் மட்டுமன்றி அவற்றின் பெயர்களும் கைநழுவிப் போயின.

இக்குறை நீங்க வேண்டுமாயின், திங்கள்தோறும் ஒரு தாள், தமிழில், மதுரையின் வானுக்கேற்ப, விலையின்றி, நம் கல்லூரியினின்று வெளிவருதல் வேண்டும் என்பதே யான் ஈண்டு வற்புறுத்தக் கருதுவது. தாள் என்று கூறினேனேயன்றி நூல் என்று கூறவில்லை. நூல் அலமாரியில் உறங்கும்; தாளோ சட்டைப்பையில் மடிந்து மொட்டைமாடிக்கு ஏறும்.

இத்தகைய ஏடுகள் உலகில் இல்லாமல் இல்லை. மேனாடுகளில் வானநோக்கர் சங்கங்கள் மாதந்தோறும் வரைபடங்களை இணையத்தின் வழியே எவர்க்கும் இலவசமாய் வழங்குகின்றன. ஸ்டெல்லேரியம் என்னும் கணினி நிரல் காசின்றிக் கிடைப்பது. அதில் மதுரையைக் குறித்தால் மதுரையின் வானையே காட்டும். இவற்றை ஆக்கியோர்க்கு நாம் கடப்பாடுடையோம். எனினும், அச்சிட்ட ஏடுகளிற் பெரும்பாலன ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழ்வோர் கண்ணுக்கென எழுதப்பெற்றவை. அவற்றைக் கையிலேந்தி நம் சமவெளியில் நிற்பவன் முதல் வரியிலேயே தடுமாறுவான்.

ஏனெனின், மதுரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழப் பத்துப் பாகையில் உள்ளது. இலண்டன் மாநகரோ ஐம்பத்தொன்றரைப் பாகையில் உள்ளது. ஓர் ஊரின் அகலாங்கு எத்தனை பாகையோ, துருவமீன் அவ்வூரில் அடிவானுக்கு அத்தனை பாகை உயரத்தில் நிற்கும். ஆகவே இலண்டன் மாணவனுக்குத் துருவன் வானில் பாதிக்கு மேலே தெளிவாய்த் தோன்றுவான். நமக்கோ கையை நீட்டி முட்டியை மடக்கி அடிவானின்மேல் வைத்தால் அம்முட்டியின் மேல்விளிம்பில், புழுதிக்கும் விளக்கொளிக்கும் இடையே மங்கித் தெரிவான். "முதலில் துருவமீனைக் கண்டுகொள்க" என்று தொடங்கும் வழிகாட்டி நமக்கு எவ்வாறு பயன்படும்? எழுமுனிவர் மண்டலம் அவர்க்கு ஒருபோதும் மறைவதில்லை. நமக்கு எழுந்து மறைவது. அவர்தம் ஏடுகள் ஆவணி பிறப்பதற்குச் சில நாள் முன்னே வரும் பெர்சிய எரிமீன் பொழிவைப் பெரிதும் புகழும். அப்பொழிவு புறப்படும் இடம் நமக்கு வடவானில் தாழ்ந்தே ஏறுவதால் நம் பங்கு சிறிது. கார்த்திகை மாதக் கடைசியில் வரும் மிதுனப் பொழிவோ நமக்கு ஏறக்குறைய உச்சிக்கு அண்மையில் வருவது. வடகிழக்குப் பருவத்து முகில் வழிவிடின் அதுவே நம் திருவிழா.

இழப்பை மட்டும் கூறி அமைவது முறையன்று. அவர்க்கு இல்லாத செல்வங்கள் நமக்கு உள. மாசி பிறக்கும் நாள்களில் இரவு ஒன்பது மணியளவில் அகத்திய மீன் தென்வானில் மூன்று முட்டி உயரத்திற்குச் சற்றுக் குறைய நின்று ஒளிரும். வானிலுள்ள மீன்களுள் ஒளியில் இரண்டாவதாகிய அதனை இலண்டனார் தம் ஊரினின்று ஒருநாளும் காணார். வைகாசி பிறந்த சின்னாளில் அதே நேரத்தில் தென்சிலுவை இரண்டு முட்டி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். அதன் இடப்புறத்தே இரு பெருமீன்கள். அவற்றுள் கீழ்ப்பால் உள்ளது நம் கதிரவனுக்கு மிக அண்மைய விண்மீன் குடும்பம். இன்னும் சற்று உயரத்தில், இருட்டான ஊர்ப்புறத்தில், வெறுங்கண்ணுக்கு மங்கிய ஒரு மீனாகவும், சிறிய இருகண் நோக்கியில் பஞ்சுத் துகளாகவும் தோன்றும் ஒன்றுண்டு. ஒமேகா செந்தாரி என்பது அதன் பெயர். ஏறத்தாழப் பதினேழாயிரம் ஒளியாண்டுத் தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடிக் கதிரவர் ஒருங்கே திரண்ட கொத்து அது. நம் பால்வீதியில் அதனையொத்த ஒளியுடைய கோளக்கொத்து வேறில்லை. மேலூர்ச் சாலையில் கண்மாய்க் கரையில் நிற்கும் ஒருவன் கண்ணுக்குக் கிட்டும் இக்காட்சி, பெருஞ்செல்வம் செலவிட்டுத் தொலைநோக்கி அமைத்த வடநாட்டார் பலர்க்குக் கிட்டுவதன்று. இதனை அவனுக்கு எடுத்துக் கூறுவார் யார்?

தமிழ் மாணவன் வானநூலில் நுழைவது எற்றுக்கு என்று சிலர் நகைக்கலாம். அவர்கள் புறநானூற்றின் 229-ஆம் பாட்டை எடுத்துப் பார்ப்பாராக. கூடலூர் கிழார், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை துஞ்சியதைப் பாடியது அது. அரசன் இறக்குமுன் வானினின்று வீழ்ந்த ஒரு மீனைப் புலவர் எவ்வாறு பதிவு செய்துள்ளார் என்று நோக்குக. மாதம் பங்குனி, அதன் முற்பாதி, நேரம் இருள் செறிந்த நள்ளிரவு. உச்சியில் நின்ற நாண்மீன் சாய்கிறது. அதற்கு எதிரே ஒன்று எழுகிறது. மற்றொன்று மேற்கே மறைகிறது. வீழ்ந்த மீன் கிழக்கு நோக்கியும் செல்லவில்லை, வடக்கு நோக்கியும் செல்லவில்லை. ஒரு காட்சியைக் குறித்துவைக்க வேண்டிய காலம், இடம், திசை யாவும் அப்பாட்டில் அடங்கியுள்ளன. இன்று எரிமீன் நோக்குவோர் நிரப்பி அனுப்பும் படிவத்தில் இவற்றின் வேறாய பெருங்கேள்விகள் இல்லை. அதன் பயனை அரசன் ஆயுளோடு பொருத்தியது அக்காலத்து நம்பிக்கை. நோக்கிய நோக்கு எக்காலத்துக்கும் உரியது.

பரிபாடலின் பதினோராம் பாட்டும் இத்தகையதே. வையையில் புதுவெள்ளம் வந்த நாளைக் கோள்கள் நின்ற இராசிகளைக் கொண்டு அது குறிக்கிறது. பல்லாண்டுக் காலத்துக் கோள்நிலைகளையும் திதிகளையும் கணித்து 1922-இல் 'இந்தியன் எபிமெரிஸ்' என்னும் பெருநூலை வெளியிட்ட எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அவர்கள், இப்பாட்டின் கோள்நிலை கி.பி. 634 சூன் 17-ஆம் நாளுக்குப் பொருந்துவதாகக் கணித்தார்கள். அம்முடிபை மறுத்தவரும் உளர். அவ்வழக்கில் யான் புகவில்லை. ஆனால் மறுப்போரும் உடன்படுவோரும் வானறிவு இல்லாமல் ஓரடியும் எடுத்து வைத்தல் இயலாது. ஆரல் என்றும் அறுமீன் என்றும் கார்த்திகையை அழைத்தோர், சகடு என்று உரோகிணியை அழைத்தோர், முடப்பனை என்று அனுடத்தை அழைத்தோர் வடிவைக் கண்டே பெயரிட்டனர். அவ்வடிவைக் காணாது உரையை மட்டும் மனப்பாடம் செய்து தேர்வெழுதுவது, பனைமரத்தைக் காணாதவன் பனையோலைச் சுவடியைப் பற்றிப் பேசுவது போன்றது.

தமிழ்மக்களுக்கு வானைக் காட்டும் வேலையை முன்னும் சிலர் மேற்கொண்டதுண்டு. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் பணியாற்றிய டேனியல் பூவர் ஐயர், 1829 மார்ச்சு 20-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின்போது ஊர்ப் பஞ்சாங்கக் கணிப்போடு தம் கணிப்பை ஒப்பிட்டு நோக்குமாறு ஊராரை அழைத்தார். கிரகணம் ஐரோப்பியக் கணிப்பின்படியே நிகழ்ந்தது என்பர். அதனை மதவழக்கின் கருவியாக அவர்கள் ஆண்டது எனக்கு அத்துணை உவப்பன்று. பஞ்சாங்கம் கணித்தவரும் கல்வியிற் சிறியரல்லர். பழைய வாய்பாட்டை நம்பினார், அவ்வளவே. ஆனால் "கேளாதே, வந்து பார்" என்று பொதுமக்களை வானத்தின்முன் நிறுத்தியது நற்செயலென்றே கொள்வேன். அப்பூவர் ஐயரே பின்னர் மதுரைக்கு வந்து சில ஆண்டுகள் இங்குப் பள்ளிகள் நிறுவினார் என்பதை நம் கல்லூரியார் நினைவிற் கொள்ளலாம்.

அவரினும் யான் போற்றுபவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். சென்னை வானாராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராய் இருந்து, 1867-இல் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தவர் அவர். அவ்வளவில் நின்றிருந்தால் அவர் பெயர் அறிஞர் ஏடுகளோடு அடங்கியிருக்கும். 1874 திசம்பர் 9-இல் வெள்ளிக்கோள் கதிரவன் வட்டத்தைக் கடந்து செல்லவிருந்தது. அதனை முன்னறிந்து, இஃது யாது, எப்பொழுது தோன்றும், ஏன் கருதத்தக்கது என்பதைப் பொதுமக்கட்கு விளக்கி ஒரு சிறு நூல் எழுதி, ஆங்கிலத்தில் மட்டுமன்றி இந்நாட்டு மொழிகள் பலவற்றிலும் வெளிவரச் செய்தார். யான் வேண்டும் ஏட்டிற்கு நூற்றைம்பதாண்டுகட்கு முன்னரே முன்மாதிரி உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. வெள்ளியின் அக்கடப்பு பின்னர் 1882, 2004, 2012 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தது. இனி 2117-இல்தான் நிகழும். நம்முள் எவரும் அதனைக் காணப்போவதில்லை.

ஓர் ஏடு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு வங்காளத்து இராதா கோவிந்த சந்திரரே சான்று. யசோர் நகரத்துக் கருவூலத்தில் சிறு உத்தியோகம் பார்த்தவர். நுழைவுத் தேர்வில் மும்முறை தவறியவர் என்று அவர் வரலாறு கூறும். (தேர்வு முடிவுகளை எதிர்நோக்கியிருக்கும் நண்பர்கள் இவ்வரியை இருமுறை படிக்கலாம்.) 1918 சூன் மாதத்தில் கருடமண்டலத்தில் புதிதாய் வெடித்தொளிர்ந்த மீனைத் தாமே கண்டு ஹார்வர்டுக்கு எழுதினார். அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்தார் அவர்க்கு வரைபடங்களையும் நூல்களையும் அனுப்பினர். பின்னர் 1926-இல் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றையே இரவலாய்க் கடல்கடந்து அனுப்பிவைத்தனர். அவரோ தம் வாழ்நாளில் முப்பத்தேழாயிரத்திற்கு மேற்பட்ட நோக்குகளை அவர்கட்குக் கணக்காய்த் திருப்பித் தந்தார். அத்தொலைநோக்கி பின்னர் வைணு பாப்பு அவர்கள் கைக்கு வந்து, இன்று நம் தமிழ்நாட்டில் காவலூர் வானாராய்ச்சி நிலையத்தில் உள்ளது. முதலிற் சென்றது தொலைநோக்கி அன்று என்பதை ஓர்க. வரைபடமே முதலிற் சென்றது.

இனி, மறுப்போர் கூற்றை நோக்குவோம். "கைப்பேசியை வானை நோக்கி உயர்த்தினாற் போதுமே, அதுவே பெயர் சொல்லுமே, தாள் எதற்கு?" என்பர். இவ்வாறு கூறுவோர் இருளில் நின்று பார்த்தவர்கள் அல்லர். மனிதன் கண் இருளுக்கு முற்றும் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். கைப்பேசியின் வெண்ணொளி அப்பழக்கத்தை ஒரு நொடியில் அழிக்கும். பின்னும் இருபது நிமிடம் காத்திருத்தல் வேண்டும். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய சிறு கைவிளக்கில் படிக்கும் தாளுக்கு அக்குறை இல்லை. அன்றியும், கைப்பேசி ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பெயர் தருமேயொழிய, இன்றிரவு எதைப் பார்ப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் பார்ப்பது, பார்த்ததை எவ்வாறு எழுதிவைப்பது என்று ஆசிரியர்போல் உடனிருந்து கூறாது. பெயர் சொல்லக் கேட்டவன் மறுநாள் அதனை மறப்பான். தானே தேடிக் கண்டவன் மறவான்.

மற்றொரு சாரார், "மதுரையோ தூங்கா நகர், இவ்விளக்குகளுக்கிடையே வானம் எங்கே?" என்பர். இது மெய்யே. புதிய தெருவிளக்குகள் வந்தபின் நகரின் நடுவே பால்வீதி என்பது கேள்விப்பொருளாயிற்று. ஆயினும் திங்கள், கோள்கள், ஒளிமிக்க இருபது முப்பது மீன்கள் ஆகியவற்றைத் தல்லாகுளத்து மாடியிலிருந்தும் காணலாம். வியாழனின் நான்கு மதிகளைக் காண இருகண் நோக்கி ஒன்று போதும். சித்திரைப் பெருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வைகறையில் வையைக்கரையில் கூடும் பெருந்திரள் மேற்றிசையைத் திரும்பிப் பார்க்குமாயின், சாயும் முழுமதியையும், பெரும்பாலும் அதனை அடுத்தே, சித்திரை என்னும் வெண்மீனையும் காணும். மாதத்துக்கு அப்பெயர் வந்ததே அதனாலன்றோ? அத்துணை மக்கட்கும் அதனைக் காட்ட ஒரு வரி போதும். மங்கிய பொருள்களை விரும்புவோர் அழகர்மலைக்கு அப்பால் நத்தம் சாலையிலோ உசிலம்பட்டிப் புறத்துக் காடுகளிலோ ஓரிரவு கழிக்கட்டும். அங்குள்ள சிற்றூர் மாணவனுக்கு வானம் முழுதாய் இருக்கிறது, ஏடுதான் இல்லை. நகரத்து மாணவனுக்கு ஏடு கிடைக்கிறது; வானம் குறைந்திருக்கிறது. விலையின்றி என்று யான் வற்புறுத்துவது பெரிதும் அவ்வூர்ப்புறத்து மாணவனைக் கருதியே.

விலையில்லாப் பொருளை மதியார் என்பது வணிகர் வாக்கு. நம் நகரின் பெயர் பூண்ட மதுரைத் திட்டம் அதற்கு விடையாய் நிற்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர் பலர் ஊதியமின்றித் தட்டெழுதித் தமிழ் நூல்களை உலகெங்கும் இலவசமாய் வழங்கி வருவது அது. எம் வகுப்பில் அதனைப் பயன்படுத்தாதார் எவருமிலர், மதியாதாரும் எவருமிலர்.

ஏட்டின் நடையைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. பழந்தமிழ்ப் பெயர் தெளிவாய் உள்ள மீனுக்கு அப்பெயரே முதலில் வருக. பெயரில்லாத மீனுக்குப் புதுப்பெயர் புனைந்து வாசகனை வருத்துதல் வேண்டா. உலகோர் வழங்கும் பெயரைத் தமிழெழுத்தில் எழுதினாற் போதும். தனித்தமிழ் நண்பர்கள் சினவாதிருப்பாராக. பாகைக் கணக்கை முட்டியாலும் விரலாலும் கூறுக. நீட்டிய கையின் முட்டி ஏறத்தாழப் பத்துப் பாகை, சிறுவிரல் ஒரு பாகை. கோட்பலன் ஒரு வரியும் அதில் நுழைதல் ஆகாது. பின்பக்கம் வெறுமையாய் இருக்கட்டும். நாள், நேரம், இடம், கண்டது என்று நான்கு தலைப்பு மட்டும் இட்டு, பார்த்தவன் எழுத இடம் விடுக. எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், தம்மூர்ப் பெயரிட்டு வெளியிடலாம் என்ற உரிமையும் அடியில் அச்சிடப்பெறுக.

இதில் விரைவு வேண்டுமென்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2031 மே 21-ஆம் நாள், புதன்கிழமை, நண்பகலுக்குப் பின்னர், கதிரவன் ஏறக்குறைய நம் தலைக்கு நேராக நிற்கும் வேளையில், வளைய கிரகணத்தின் பாதை தேனியையும் மதுரையையும் காரைக்குடியையும் கடந்து வேதாரணியம் வழியாய்க் கடல் புகும். 2019 திசம்பர் 26-இல், கிறிஸ்து பிறந்த நாளுக்கு மறுநாட் காலை, இத்தகைய வளையம் திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் தோன்றியது. அப்பொழுது இந்திய வானியல் கழகத்தார் இந்திய மொழிகள் பலவற்றில் விளக்கத் தாள்கள் இலவசமாய் வெளியிட்டனர். அவ்வாறிருந்தும் கதவடைத்து உள்ளிருந்த இல்லங்கள் பல. புகையேற்றிய கண்ணாடியையும் பழைய எக்சு-கதிர்ப் படலத்தையும் கண்ணில் வைத்த சிறுவரும் பலர். முன்னது காட்சியை இழப்பது; பின்னது கண்ணையே இழப்பது. 2031-இல் அந்நாள் கோடை விடுமுறையில் வருகிறது. பிள்ளைகள் ஆசிரியர் கண்காணிப்பில் இரார்; வீட்டிலும் வயலிலும் தெருவிலும் இருப்பர். ஆகவே பள்ளி அறிக்கைப் பலகை பயன்படாது. வீடுதோறும் சென்று சேர்ந்து, மக்கள் நம்பிப் பழகிய ஒரு தாளே பயன்படும். அட்டையில் ஊசித்துளையிட்டுத் தரையில் விழும் உருவைக் காண்பதையும், வேப்பமரத்தின் இலை இடுக்குகள் வழியே நிலத்தில் நூறு வளையங்கள் விழுவதையும், கதிரவனை நேரே நோக்கத் தரச்சான்று பெற்ற கண்ணாடி இன்றியமையாதது என்பதையும் அது கூறும். அத்தகைய நம்பிக்கை கிரகணத்திற்கு முந்திய வாரத்தில் விதைத்து அறுப்பதன்று.

செலவு பெரிதன்று. எழுதுவது தமிழ்ப் பகுதியாரின் வேலை. கணிப்பைச் சரிபார்ப்பது பௌதிக, கணிதப் பகுதியாரின் வேலை. பழைய மாணவருள் அச்சுக்கூடம் நடத்துவோரும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியராய் இருப்போரும் பலர். முன்னவர் அச்சிட்டால் பின்னவர் கொண்டுசெல்வர். தை மாதத்துக்கான முதல் தாளின் முன்வரைவு எம் வகுப்பில் ஆயத்தமாய் உள்ளது. அறுமீன், சகடு, ஆதிரை, அகத்தியன் ஆகிய நான்கு காட்சிகள் மட்டுமே அதில் உள. பௌதிக ஆசிரியர்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தருவார்களாயின், மார்கழி முடிவதற்குள் அச்சேற்றலாம்.